கடல் நிரம்பாது

கடல் நிரம்பாது என்பது புரியாத ஒரே கணித முனைவர் உமையாள்தான் என்று மையத்தில் பேசிக்கொண்டார்கள். முதலில் அவள் இல்லாத இடத்தில் பேசினார்கள். பிறகு கேன்டீனில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தே பேசினார்கள். ஆவணி பிறப்பதற்குள் வேன் டிரைவர்கள்கூட அவளைப் பார்த்தால் இரக்கத்தோடு ஒரு வணக்கம் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். உமையாள் மறுக்கவில்லை. மறுத்தால் யார் நம்புவார்கள்? நெற்றிப் பட்டையில் விளக்கு சிவப்பாகத்தான் எரிந்தது.

பட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கணிதத் தேற்றங்களை யந்திரங்கள் நிரூபிக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. நிரூபணம் எழுதியது ஒரு யந்திரம். சரிபார்த்தது இன்னொரு யந்திரம். அதை நம்பிப் பாலம் கட்டியவர்கள் மட்டும் மனிதர்கள். ஒரு பாலம் விழுந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி, நிரூபணம் உங்களில் யாருக்காவது புரிந்ததா என்று கேட்டார். ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது: மனித உயிரோடு சம்பந்தப்பட்ட எந்தத் தேற்றமானாலும் ஐந்து மனிதர்களுக்கு அது ஒவ்வொரு படியாகப் புரிந்திருக்க வேண்டும்.

புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டுப் பயனில்லை. நம் ஊரில் 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுது சார்' என்று சொல்ல ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிடுகிறார்கள். மேலே படிக்கப் படிக்க அந்தப் பழக்கம் முற்றுகிறது. எனவே புரிமானி வந்தது. நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, நடுவில் சுண்டைக்காய் அளவில் விளக்கு. படிக்கும்போது மூளை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் சிவப்பு எரியும். கேள்வி அடங்கினால் பச்சை. பச்சையானால் அடுத்த படிக்குப் போகலாம். ஐந்து பேருக்கும் எல்லாப் படிகளும் பச்சையாகிவிட்டால் சான்றிதழ், பொன்னாடை, குழுப் புகைப்படம்.

இந்த வேலைக்காகவே தேசியப் புரிதல் மையத்தைக் கட்டினார்கள். முழுக்கக் கண்ணாடி. மழை பெய்தால் வரவேற்பறையில் மட்டும் ஒழுகும். இயக்குநர் பேராசிரியர் ராஜமன்னார். இளமையில் ஒரு தேற்றம் நிரூபித்தவர். அதன்பின் அந்தத் தேற்றத்தைப் பற்றிப் பேசவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. புரிமானி முதன்முதலில் நாட்டுக்குள் வந்தபோது, புரிதல் என்றால் மூளையில் என்ன நடக்கும் என்று கருவிக்குக் காட்ட ஒரு மாதிரித் தலை தேவைப்பட்டது. ராஜமன்னாரின் தலையைக் கொடுத்தார்கள். கம்பிகளை ஒட்டி, அவர் எழுதிய கட்டுரையையே அவரிடம் படிக்கக் கொடுத்தபோது அலை அவ்வளவு சுத்தமாக வந்ததாம், சலனமே இல்லையாம். வெளிநாட்டுப் பொறியாளர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று ஆண்டறிக்கையில் இருக்கிறது. நாட்டில் உள்ள எல்லாப் பட்டைகளும் அந்த அலையை வைத்துச் சரிசெய்யப்பட்டவைதான்.

ஐவர் குழுவில் உமையாளோடு இருந்த ஜெபசிங் இதையே வேறு மாதிரி சொல்வான். நாகர்கோவில்காரன், அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"சாருக்கு அன்னைக்கு மத்தியானம் வெளிநாட்டுக்காரங்களோட விருந்து மேடம். பாயசமே மூணு வகை. அந்த அலைக்குப் பேரு புரிதல் இல்ல. உண்ட மயக்கம்."

இதை அவன் சிரிக்காமல் சொல்வான். மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது: கடினமான படிகளை யாரும் காலையில் எடுப்பதில்லை. வியாழக்கிழமை கேன்டீனில் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் போடுவார்கள். ஆகக் கொடூரமான படிகள் எல்லாம் வியாழன் மதியத்துக்கென்று ஒதுக்கி வைக்கப்படும். இரண்டரை மணி வாக்கில் கூடத்தில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூக்கும். செரிமானத்துக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பு பற்றி ராஜமன்னார் கட்டுரை எழுதி, அதற்கு ஒரு விருதும் வாங்கியிருந்தார்.

உமையாள் கேன்டீனில் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து இரண்டு சப்பாத்தி கொண்டுவருவாள். அதுதான் கோளாறு என்று பின்னால் பலரும் சொன்னார்கள்.

அவர்கள் குழுவுக்கு வந்தது மதகுத் தேற்றம். நகரத்துக்கு மேற்கே ஏரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. மழைக்காலத்தில் எந்த மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்று அதுவரை மனிதர்கள்தான் முடிவெடுத்தார்கள். ஒருவருக்கொருவர் போன் போட்டு, திட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துத் திறந்து மூடினார்கள். வரும் ஐப்பசியிலிருந்து யந்திரமே திறக்கட்டும் என்று அரசு விரும்பியது. அமைச்சர் தேதியும் கொடுத்துவிட்டார்.

உமையாளின் கணவர் சொக்கலிங்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதி, முழங்கால் வலியால் வேலையை விட்டு வீட்டோடு இருந்தவர். தேற்றம் என்ன சொல்கிறது என்று அவர் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் கேட்டார்.

"ஒரு ஏரி நிரம்பினா அதோட மதகு திறக்கும். தண்ணி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினா அதுவும் திறக்கும். ஒரே நேரத்துல பல ஏரி நிரம்பினா எதை முதல்ல திறக்கறது? எதைத் திறந்தாலும் கடைசில வந்து நிக்கிற நிலை ஒண்ணுதான். அதான் தேற்றம்."

"இதுக்குப் போயி நிரூபணமா?"

"ஆயிரம் பக்கத்துக்கு மேல."

சொக்கலிங்கம் ரசத்தை ஊற்றிக்கொண்டார். கடையில் இருந்தபோது ஒரு டஜன் ஆணிக்கு மேல் அவர் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆயிரம் பக்கத்தின் நடுவில் ஒரு படி இருந்தது. எல்லோரும் அதை அரக்கன் என்று அழைத்தார்கள். நாற்பது பக்கம் நீண்ட ஒரே படி. மற்ற நால்வரும் ஒரு வியாழனன்று அதைக் கடந்தார்கள். உமையாளுக்கு ஆனி முழுவதும் ஆயிற்று. குளிக்கும்போதும் வேனிலும் அதையே யோசித்தாள். ஒரு காலையில் சிக்னலில் நின்ற வேனுக்குள் அது திறந்துகொண்டது. நாற்பது பக்கமும் உண்மையில் ஒரே ஒரு எளிய விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. மையத்துக்குப் போய்ப் பட்டையைக் கட்டிய உடனே பச்சை. அவளுக்கு அழுகை வந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான் என்று ஜெபசிங் சொன்னான். ஆடி மாதம் கடைசிப் படியாக ஒற்றை வரி ஒன்று வந்தது.

'நீர் இறுதியில் கடலை அடைகிறது. கடல் நிரம்பாது. ஆகவே மதகுகள் திறப்பது ஒரு கட்டத்தில் முடிவுறும்.'

மற்ற நால்வருக்கும் படித்த மாத்திரத்தில் பச்சை. உமையாளுக்குச் சிவப்பு. அவள் மறுபடி படித்தாள். சிவப்பு. கருவியில் பழுது என்று பட்டையை மாற்றினார்கள். தொழில்நுட்பப் பையன்கள் மின்கலத்தை மாற்றினார்கள், கடைசியில் நாற்காலியையும் மாற்றினார்கள். அந்த வரியில் அவளுக்கு விளங்காத எதுவும் இல்லை என்று அவளே சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். விளக்கு அதை ஏற்கவில்லை.

ஆளை மாற்றலாம் என்றால் சட்டம் விடாது. பச்சை எரியும் தலைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்பதற்காக, ஒருவரை நீக்கினால் முதல் பக்கத்திலிருந்து புதிய ஐவர் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் இந்த மழைக்காலம் போய்விடும். அமைச்சரின் தேதியும் போய்விடும். உமையாளின் ஒப்பந்தமும் அந்தத் தேதியோடு முடிகிறது என்று ராஜமன்னார் அவளிடம் அன்பாக நினைவுபடுத்தினார்.

பிறகு அவரே விளக்க முன்வந்தார். தம் அறைக்கு அவளை அழைத்து, பியூனிடம் வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பட்டையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். ராஜமன்னார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பார்க்க நாலைந்து பேர் வந்திருந்தார்கள், ஒருவர் கேமராவோடு.

"பாருங்கம்மா. இந்த வாளிதான் ஏரி. இந்த வாஷ்பேசின்தான் கடல்." வாளியைச் சாய்த்தார். தண்ணீர் சுழன்று இறங்கியது. "போச்சா?"

"போச்சு சார்."

"திரும்பி வந்துச்சா?"

"வரல சார்."

"இவ்வளவுதாம்மா விஷயம்."

எல்லோரும் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். சிவப்பு. ராஜமன்னார் இரண்டாவது வாளி கேட்டார்.

அதன்பின் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் அவளுக்குக் கடலைப் பற்றிச் சின்ன வயதில் பயம் ஏதும் இருந்ததா என்று விசாரித்தார். தான் வளர்ந்த காரைக்குடியில் கடல் இல்லை என்றாள். யோகா வகுப்பில் சேர்த்தார்கள். ஒரு வியாழக்கிழமை கேன்டீன்காரர் தானே வந்து அவள் தட்டில் வத்தக்குழம்பு ஊற்றி, நெய்யும் விட்டார். அப்போதும் சிவப்பு. உமையாளுக்கு வெட்கம் போய் அலுப்பு வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில், படித்த படிப்பெல்லாம் ஒரு சுண்டைக்காயின் நிறத்தில் வந்து நின்றுவிட்டது.

புரட்டாசி அமாவாசை அன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கி நேரே குளிக்கப் போனாள். அவர்கள் வீடு கால்வாய்க்குப் பின்னால் தரைத்தளத்தில் இருந்தது. அதனால்தான் வாடகை கட்டுப்படியானது. இரண்டாவது சொம்பு ஊற்றும்போது தரையில் இருந்த தண்ணீர்ப் போக்கியிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் வந்தது. பிறகு குமிழ். பிறகு கால்வாயின் நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் கொஞ்சம் மேலே வந்தது. வெளியிலிருந்து சொக்கலிங்கம் கதவைத் தட்டினார்.

"இன்னைக்கு அமாவாசைம்மா. காலண்டரைப் பாக்கலையா? கதவைத் திற, செங்கல்லை வைக்கணும்."

அந்தத் தெருவில் தரைத்தளத்துக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும். கால்வாய் பின்னோக்கி ஓடும். குளியலறை ஓட்டை வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். ஈரச் சாக்கில் சுற்றிய செங்கல் ஒன்றை ஓட்டையின் மேல் வைத்து, அதன் மேல் நிறை வாளியை ஏற்றி வைத்துவிட்டால் விடிவதற்குள் வடிந்துவிடும். சொக்கலிங்கம் தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது பார்ப்பது ராசிபலனை அல்ல, இதைத்தான்.

உமையாள் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். அவர் குனிந்து செங்கல்லை வைத்தார். அவள் நகரவில்லை. செங்கல்லின் ஓரத்தில் கசிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பி வந்துச்சா?" என்றாள் தனக்குத்தானே.

"பதினோரு வருஷமா வருது. இன்னைக்கென்ன புதுசா?"

பதினோரு வருஷமாக அவள் கால் நனைந்துகொண்டிருந்தது. அந்த ஒற்றை வரியைப் படித்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியாமலே அவளுக்குள் ஏதோ ஒன்று இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மூளையில் அது எந்த மூலையோ, பட்டைக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஈரத்தோடு சமையலறைக்கு வந்து நின்றே அவருக்குச் சொன்னாள். கடல் நிரம்பாதுதான். ஆனால் அமாவாசையன்று சில மணி நேரம் அது தண்ணீரை வாங்கிக்கொள்ளாது, திருப்பி அனுப்பும். அந்த நேரத்தில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் கால்வாய் நிரம்பி, கீழ் ஏரி நிரம்பியே இருக்கும். நிரம்பியிருக்கிறதே என்று யந்திரம் மதகைத் திறக்கும். திறந்தால் குறையும் என்றுதான் அதற்குச் சொல்லியிருக்கிறார்கள். குறையாது. அதனால் மேலும் திறக்கும். முடிவுறும் என்ற அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அரக்கன் உள்பட ஆயிரம் பக்கமும் அந்தரத்தில் நிற்கும்.

"முன்னாடி மதகுல இருந்தவங்க என்ன பண்ணினாங்க?"

"மூடி வச்சிட்டு கடல் வடியற வரைக்கும் காத்திருந்திருப்பாங்க. யந்திரத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. அதைப் பத்தி நிரூபணத்துல ஒண்ணும் இல்ல."

 சொக்கலிங்கம் கேட்டார்: "அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்?"

உமையாள் குளியலறையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

மறுநாள் அவள் ராஜமன்னாரிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு, கடல் நிரம்பாது என்பதை நீங்கள் ஏற்கிறீர்கள் அல்லவா என்று கேட்டார். ஏற்கிறேன் என்றாள். நிரூபணமும் அதைத்தானே சொல்கிறது, பிறகு இருவருக்கும் என்ன தகராறு என்றார். கடல் எப்படி நடந்துகொள்ளும் என்பது கணிதத்தின் வேலை இல்லை; கொடுத்த அனுமானத்திலிருந்து முடிவு வருகிறதா என்பதே நம் வேலை; அனுமானத்தைக் கொடுத்தவர்கள் பொறியாளர்கள்.

பொறியாளர்களுக்குப் போன் செய்தாள். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். ஐந்து கணித மேதைகள் சரிபார்க்கும் விஷயத்தில் நாங்கள் தலையிட முடியுமா என்றார்கள். அனுமானம் உங்களுடையதுதானே என்று கேட்டதற்கு, ஏரிதான் தங்கள் துறை என்றும் கடல் வேறு துறை என்றும் சொன்னார்கள். கடல் துறையில் போன் எடுத்த பெண்மணி, ஏரி பற்றிய புகார்களுக்கு வேறு எண் கொடுத்தார். அது முதலில் பேசிய பொறியாளரின் எண்.

ஜெபசிங்கிடம் சொன்னபோது அவன் கேலி செய்யவில்லை.  அவனுக்கு அந்த வரி எப்போதோ பச்சையாகிவிட்டிருந்தது. சட்டத்தில் இன்னொரு வாசகம் இருந்தது: ஒருமுறை புரிந்தது புரிந்ததே, எவரும் தமக்குப் புரிந்ததைத் திரும்பப் பெற முடியாது.

"நாங்க நாலு பேரும் முடிஞ்சோம் மேடம். நீங்க ஒருத்தங்கதான் மிச்சம். அந்தத் தேதி தாண்டற வரைக்கும் சிவப்பாவே இருங்க. போதும். மதகு இந்த வருஷம் மனுஷங்க கையிலயே இருக்கும்."

"சும்மா இருந்தாலே சிவப்புதானே ஜெபா."

"சும்மா இருந்தா இல்ல. கேட்டுக்கிட்டே இருந்தா."

கடைசி அமர்வு ஐப்பசி முதல் வாரத்தில். சிவப்பைப் பார்க்கவென்றே மேலிடத்துக் குழு வருகிறது என்றார்கள். காலையில் புறப்படும்போது சொக்கலிங்கம் வாசல்வரை வந்து, ஒரு மத்தியானம் உன்னால் புரியாமல் இருக்க முடியாதா என்று கேட்டார். அவள் சிரித்தாள். அன்று அவள் சப்பாத்திகூட எடுத்துப் போகவில்லை. வயிறு காலியாக இருந்தால் மூளை அடங்காது என்று ஜெபசிங் சொல்லியிருந்தான்.

கூடத்தில் மேடை போட்டு, மேடையில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். பட்டை நெற்றியில். பின்னால் திரையில் அந்த வரி ஆள் உயரத்துக்கு. குழுத் தலைவி ஒரு மூத்த அதிகாரி. வெள்ளைப் பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, சோர்ந்த முகம். ராஜமன்னார் வரவேற்புரை ஆற்றினார். புரிதல் என்பதே ஒரு பயணம் என்றார். தாம் இளமையில் நிரூபித்த தேற்றத்தை நோக்கி அந்தப் பயணம் சற்றுத் திரும்பி, நெடுநேரம் அங்கேயே தங்கி, மெதுவாக வந்து சேர்ந்தது. பிறகு அவளை விளக்கச் சொன்னார்கள்.

அவள் விளக்கினாள். அமாவாசை, கடல் ஏறும் ஓதம், கால்வாய், கீழ் ஏரி. முன்வரிசையில் ஒருவர், சுனாமியைச் சொல்கிறீர்களா என்றார். இல்லை, மாதம் இரண்டு முறை வருவது என்றாள். அப்படியானால் சாதாரண விஷயம்தானே என்று அவர் நிம்மதியடைந்தார். அவள் மறுபடி முதலிலிருந்து விளக்கினாள். நடுவில் வந்து உட்கார்ந்த இன்னொருவர், கடல் நிரம்பாது என்பதில் அம்மாவுக்கு என்ன சந்தேகம் என்று கேட்டார். சிரிப்பு. அவளுக்குக் கோபம் வந்தது. விளக்கு நன்றாகச் சிவந்தது. கோபம் இருக்கும்வரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள். ராஜமன்னார் வாளி கொண்டுவரச் செய்தார். வாளி வந்தது, வாஷ்பேசின்தான் இல்லை. மூன்றாவது முறையும் விளக்கினாள்.  ஏ.சி. குளிர்ந்தது. பின்வரிசையில் ஜெபசிங் தன் நெற்றியைத் தட்டி, கேட்டுக்கிட்டே இருங்க என்று சைகை காட்டினான்.

கேலியையும் வாளியையும் அவள் தாங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் எதிர்பார்த்து வராதது ஒன்றுதான். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, மெல்லிய குரலில் பேசினார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. எங்க அம்மா வீடும் கால்வாய் ஓரம்தான். சான்றிதழ்ல அடிக்குறிப்பா இதைச் சேர்த்துடச் சொல்றேன். கட்டாயம் சேரும். இவ்வளவு நாள் தனியா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க."

யாரோ கேட்டுவிட்டார்கள். ஆடியிலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது. அப்பாடா என்றுகூட அவள் நினைக்கவில்லை. நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள், அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம்.

கூடம் முழுக்கக் கைதட்டினார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த கண்ணாடிச் சுவரில் தன் நெற்றி பச்சையாக எரிவதைப் பார்த்தாள். கையை உயர்த்தி, இல்லை, இல்லை என்றாள். அவள் மனசுக்குள் எல்லாக் கேள்விகளும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன, விளக்கு உடனே சிவந்தது. ஆனால் பதிவு ஆகிவிட்டிருந்தது. ராஜமன்னார் பொன்னாடையோடு மேடையேறினார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்.

அடிக்குறிப்பு உண்மையிலேயே எழுதப்பட்டது. ஜெபசிங் விசாரித்துச் சொன்னான். சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டும் அளவில் ஒரே பக்கமாக இருக்க வேண்டும் என்பதால் அதைப் பின்னிணைப்புக்கு மாற்றினார்களாம். பின்னிணைப்பை அச்சடிப்பதில்லை. உமையாளின் ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். அவள் எல்லாத் துறைகளுக்கும் எழுதினாள். பதிலில் எல்லோரும் அவளுடைய சான்றிதழையே இணைத்து அனுப்பினார்கள்.

மழை கார்த்திகை அமாவாசைக்கு முந்தின நாள் பிடித்தது. மறுநாள் சாயங்காலம்வரை விடவில்லை. மதகுகள் தேற்றத்தின்படி சிறப்பாகத் திறந்துகொண்டிருப்பதாக மையத்தின் வாட்ஸாப் குழுவில் வாழ்த்துகள் வந்தபடி இருந்தன. சொக்கலிங்கம் மதியமே செங்கல்லை வைத்துவிட்டார். நாலு மணிக்கு இரண்டாவது செங்கல்லையும் வைத்தார். ஐந்து மணிக்கு நிறை வாளி தானாக நகர்ந்து சுவரில் போய் முட்டியது. கூடத்தில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். உமையாள் கட்டிலின் மேல் நின்று பரணில் துணிமணிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராஜமன்னார்.

முதலில் நலம் விசாரித்தார். தாம் ஒன்பதாம் மாடியில் சௌகரியமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது. மத்தியானத்திலிருந்து மதகுகள் திறந்துகொண்டே இருக்கின்றனவாம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவரைக் கேட்கிறார்கள்: முடிவுறும் என்று போட்டிருக்கிறதே, எப்போது முடிவுறும்? யந்திரத்தை நிறுத்தி மனிதர்கள் கைக்கு மாற்றலாம். ஆனால் இயக்குநர் காரணம் சொன்னால்தான் மாற்றுவார்கள்.

"நான் சொன்னா கேப்பாங்கம்மா. உங்க அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி."

இத்தனை மாதத்தில் பதில் தெரிந்துகொள்வதற்காக அவர் அவளிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. உமையாள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, நிதானமாக ஆரம்பித்தாள்.

"சார், இன்னைக்கு அமாவாசை. கடல் ஏறியிருக்கு. இப்பத் திறக்கிற தண்ணியைக் கடல் வாங்கிக்காது, அதனால நீங்க முதல்ல..."

"ஆ... புரிஞ்சிருச்சும்மா. புரிஞ்சிருச்சு. நான் பேசிக்கறேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. மூடச் சொல்லுங்கள் என்பது அவள் வாயிலேயே நின்றது. திருப்பி அழைத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தாள்.

கதவருகில் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த சொக்கலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னார்?"

"புரிஞ்சிருச்சாம்."

அவர் நேரே சமையலறைக்குள் போய், முழங்கால் வலியோடு குனிந்து, கேஸ் சிலிண்டரைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்.